டோக்கியோ டவரில் தற்செயலாக

சிதம்பரத்தில் பஸ் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டால் கடலூர் முதுநகர் வந்துவிடும். இந்த இரண்டு ஊர்களைச் சேர்ந்த இரண்டு குடும்பங்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதற்காக டோக்கியோ வரைக்கும் போய், அங்கே ஒரு கோபுரத்தின் மேல் பேசிக்கொள்ளாமல் சுற்றிச் சுற்றி வந்தோம் என்றால் யாரும் உடனே நம்பமாட்டார்கள். நம்ப வேண்டாம். மேலவீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவன் நான். நான் சொல்வதை முதல் பேச்சிலேயே ஒருவர் நம்பிவிட்டால் எனக்கே அவர் மேல் சந்தேகம் வந்துவிடும்.

விஷயம் என் அக்கா மகள் எழிலரசியின் கல்யாணம். அவளுக்கு யோகோகாமாவில் கம்ப்யூட்டர் வேலை. பேசி வந்த பையன் பாடலி. திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் பெயரை வைத்து, கூப்பிடுகிற வசதிக்காகப் பாதியை வெட்டிவிட்டார்கள். அவனுக்கு டோக்கியோவில் ஒரு கார் கம்பெனியில் வேலை. பெண்ணும் அங்கே, பையனும் அங்கே. ஒரு ரயிலைப் பிடித்தால் பார்த்துவிடலாம். ஆனால் அவர்களாகப் பார்த்துக்கொண்டால் அதற்குப் பெயர் காதல். பெரியவர்கள் பக்கத்தில் நின்று இருமிக்கொண்டிருந்தால்தான் அது பெண் பார்ப்பது. இரண்டாயிரத்துப் பத்து ஏப்ரலில், பிள்ளைகளைப் பார்த்துவர இரண்டு வீட்டாருக்கும் விசா கிடைத்திருந்தது தோதாகப் போயிற்று.

எழிலரசியின் அப்பா தட்சிணாமூர்த்தி மாமாவுக்கு மட்டும் விமானம் ஒத்துவராது. ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பஸ்ஸில் போவதென்றாலே ஜன்னலோரம் எலுமிச்சம்பழத்தோடு உட்காருகிறவர் அவர். "பேச்சுவார்த்தைக்கு நீதான் லாயக்கு, ராஜாமணி" என்று சொல்லி, எலுமிச்சம்பழத்தை என் கையில் கொடுத்து, என் அக்கா மங்கலத்தோடு என்னை அனுப்பிவைத்தார்.

லாயக்கு என்று அவர் சொன்னது எங்கள் கடைவீதி விதியை மனதில் வைத்து. யார் முதலில் வாயைத் திறக்கிறாரோ அவருக்குத்தான் தேவை ஜாஸ்தி. அண்டாவைத் தட்டிப் பார்க்கிறவர் வாங்கியே தீரவேண்டி வந்தவர். அவரைக் கண்டதும் எழுந்து நிற்கிற கடைக்காரர் விற்கத் தவிக்கிறவர். அதனால் நான் எழுந்திருப்பதில்லை. கல்யாணப் பேச்சிலும் இதே விதிதான். இந்த விதியால்தான் ஸ்ரீமுஷ்ணத்து வரன் கைநழுவிப் போனது. அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது, எங்களுக்குப் பையனைப் பிடித்திருந்தது. அவர்கள் போன் பண்ணட்டும் என்று நாங்கள் இருந்தோம். நாங்கள் பண்ணட்டும் என்று அவர்கள் இருந்தார்கள். கடைசியில் அவர்கள் வீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தது. மணமகள் பெயர் மட்டும் வேறு. அதற்கு முந்தைய கம்மாபுரத்து வரனும் ஏறக்குறைய இதே கதைதான்.

நாங்கள் கிளம்புவதற்கு முன் எழிலரசி போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"மாமா, இது மூணாவது. இதையும் நீங்க ஊமையா உக்காந்து கெடுத்தீங்கன்னா, இனிமே பொடவ கட்டிக்கிட்டு யாரு முன்னாடியும் வந்து நிக்கமாட்டேன். வரனும் பாக்கக் கூடாது."

"பையன ஒனக்குப் புடிச்சிருக்கா?"

"போட்டோல நல்லாத்தான் சிரிக்கிறாரு. ஆனா போட்டோ எடுக்கிறவன் சிரின்னு சொல்லியிருப்பான். இவரும் ஒங்கள மாதிரி, அடுத்தவங்க மொதல்ல பேசட்டும்னு உக்காந்திருக்குற ஆளான்னு நான் பாக்கணும். அது ஒன்னுதான் எனக்கு."

என்னை மாதிரி இருந்தால் என்ன குறைச்சல் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லியிருப்பாள்.

எங்கே வைத்துப் பார்ப்பது என்பதை முடிவு செய்தவர் தரகர் கலியமூர்த்தி. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே மொபெட்டில் போய்வந்தே பாதி ஜில்லாவுக்குக் கல்யாணம் முடித்தவர். கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டே சொன்னார்.

"வீட்டுக்கு வந்து பாத்தா வேணாம்னு சொல்றதுக்குக் கஷ்டம். நம்ம பக்கத்துல கோயில்ல வச்சுப் பாக்கறது எதுக்கு? சாமி கும்புட வந்தோம், தற்செயலா பாத்தோம். புடிக்கலன்னா குங்குமத்த வச்சிக்கிட்டு அவுங்கவுங்க பஸ்ஸப் புடிச்சிடலாம். யாருக்கும் அவமானம் இல்ல."

"டோக்கியோல எந்தக் கோயில்?"

"கோயில் எதுக்கு, கோபுரம் இருக்குதுல்ல? டோக்கியோ டவர். ஊரு பாக்க வர்ற அத்தினி பேரும் ஏறுற எடமாம். ஞாயித்துக்கெழம காலையில அங்க தற்செயலா பாத்துக்குங்க."

"ரெண்டு குடும்பம், கடல் தாண்டிப் போயி, ஒரே நாளு, ஒரே நேரம், ஒரே கோபுரம். தற்செயலா."

"ஆமா. 'அட, நீங்க எங்க இந்தப் பக்கம்'னு ஒருத்தர் கேக்கணும். 'நீங்களும் நம்ம ஊருதானா'ன்னு இன்னொருத்தர் கேக்கணும். அவ்ளோதான், பேச்சு ஓடிடும்."

"மொதல்ல கேக்கறது யாரு?"

கலியமூர்த்தி டீ கிளாசைக் கீழே வைத்தார். "அத நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லி மொபெட்டை உதைத்துவிட்டார். முதுநகரில் பையனின் அப்பா சாமிக்கண்ணுவும் இதே கேள்வியைக் கேட்டு இதே பதிலைத்தான் வாங்கியிருக்கிறார் என்பது பின்னால் தெரிந்தது. அவர் மளிகை மொத்த வியாபாரி. மிளகாய் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே, தும்மலை வைத்துத் தரம் சொல்கிற ஆள் என்று பேர்.

ஞாயிற்றுக்கிழமை காலை, டவரை அண்ணாந்து பார்த்ததும் அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அது அடி முதல் நுனி வரை காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தது போல் நின்றது. நம் ஊரில் அந்த இரண்டு நிறங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது கோயில் மதில்தான்.

"நம்ம கீழக்கோபுரத்த விட ஒசரமோ?" என்றாள்.

"கொஞ்சம்" என்றேன். ஊரை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

டிக்கெட் வரிசையிலேயே அவர்களைப் பார்த்துவிட்டோம். அந்த வரிசையில் புடவை கட்டியிருந்த பெரியம்மாக்கள் இரண்டே பேர். ஒருத்தி பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டரும் காலில் கான்வாஸ் ஷூவும் போட்டிருந்த என் அக்கா. இன்னொருத்தி அதே கோலத்தில், அரக்குப் பட்டில், கூரையைப் பார்த்துக்கொண்டு நின்ற பையனின் அம்மா ராசம்மாள். கூரையில் ஒன்றும் இல்லை. நானும் பார்த்தேன். அவள் தலையில் மல்லிகைப்பூ இருந்தது. மீனம்பாக்கத்தில் வாங்கி டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்திருக்க வேண்டும். ஊறுகாய் நிறத்துக்கு வந்திருந்தது. பக்கத்தில் குரங்குக் குல்லாயும் தோல் செருப்புமாகச் சாமிக்கண்ணு. எங்கள் பக்கம் திரும்பாமலே எங்களை எடை போட்டுக்கொண்டிருந்தார். பையன் மட்டும் திரும்பிப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தான். அவன் அப்பா முழங்கையால் ஒரு இடி இடித்ததும் அவனும் கூரையைப் பார்த்தான்.

"மாமா, அவுங்கதான் அது. போயி பேசுங்க" என்றாள் எழிலரசி.

"இங்கயா? வரிசையிலயா? தற்செயலா இருக்காது."

"வரிசையில பாக்கறதுதான் மாமா தற்செயலு."

"மேல போயி பாத்துக்கலாம். ஒசரத்துல மனுசனுக்கு வாய் தன்னால தொறக்கும்."

லிப்டில் அவர்களை முதலில் போகவிட்டோம். அவசரம் அவர்களுக்குத்தான் என்று ஆகட்டுமே என்பது என் கணக்கு. அவர்கள் ஏறின வேகத்தைப் பார்த்தால், மேலே போய்ச் சாவகாசமாக நிற்பவர்கள் தாங்கள்தான் என்று ஆகட்டும் என்பது சாமிக்கண்ணுவின் கணக்கு என்று தோன்றியது.

மேல் தளம் நான்கு பக்கமும் கண்ணாடி. நடுவில் லிப்டும் படிகளும். சுற்றி நடக்க அகலமான வழி. கீழே டோக்கியோ, யாரோ ஒரு பெரிய கடைக்காரர் தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் ஒரே நாளில் வெளியே எடுத்துப் பரப்பியதுபோல் அடிவானம் வரை கிடந்தது. அந்தக் குவியலில் எங்கோ புஜி மலையும் இருப்பதாகப் பலகையில் அம்புக்குறி போட்டிருந்தார்கள். மூட்டமாக இருந்ததால் அம்புக்குறியை மட்டும் பார்த்துக்கொண்டோம்.

எங்களுக்கு முன்னால் போன அக்கா நின்றாள். "ராஜாமணி, இங்க சாமி இருக்குதுடா."

இருந்தது. அந்த உயரத்தில், ஒரு மூலையில், அவர்கள் நாட்டு முறையில் ஒரு சின்னக் கோயில் வைத்திருந்தார்கள். முன்னால் உண்டியல்.

"எந்தச் சாமின்னு தெரியாம கும்புடறியேக்கா."

"எந்தச் சாமியா இருந்தா என்னா. இம்மாம் ஒசரத்துல இருக்குற சாமிக்கு சிதம்பரம் தெரியாமயா இருக்கும்?" என்று சொல்லி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, வலப்பக்கமாகச் சுற்றக் கிளம்பிவிட்டாள். கோயில் என்று ஆனபிறகு வேறு எந்தப் பக்கம் சுற்றுவது? நானும் எழிலரசியும் பின்னால் போனோம்.

அங்கேதான் சிக்கல். எங்களுக்கு முன் ஏறியவர்களும் பாடலீஸ்வரர் பிராகாரத்தில் நடந்து பழகியவர்கள். அவர்களும் உண்டியலைப் பார்த்திருக்கிறார்கள். அவர்களும் வலமாகவே சுற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஒரு மூலையில் திரும்பும்போது, அடுத்த மூலையில் அரக்குப் பட்டின் முந்தானை மறையும். நாங்கள் அந்த மூலைக்குப் போனால் முந்தானை அதற்கடுத்த மூலையில் இருக்கும்.

வேகமாக நடந்து பிடித்துவிடலாம். ஆனால் பின்னாலிருந்து போய்ப் பிடித்தால் துரத்திக்கொண்டு வந்த மாதிரி ஆகிவிடும். நின்றுவிட்டால் அவர்கள் சுற்றி வந்து சேர்வார்கள். ஆனால் நின்றால் காத்திருக்கிற மாதிரி ஆகிவிடும். ஆகையால் நாங்கள் மெதுவாக நடந்தோம், அவர்கள் வந்து சேரட்டும் என்று. அவர்களும் மெதுவாகிவிட்டார்கள், நாங்கள் வந்து சேரட்டும் என்று. சாமிக்கண்ணுவும் கடைவீதியில் வளர்ந்தவர்தானே.

ஒரு ஜப்பான் தாத்தாவும் பாட்டியும் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இடமென்ன, வலமென்ன. முதல் சுற்றில் எங்களைப் பார்த்துத் தலை குனிந்தார்கள். நாங்களும் குனிந்தோம். இரண்டாவது சுற்றில் பாட்டி அக்காவின் புடவைச் சரிகையைத் தொட்டுப் பார்த்துக் கண்ணை அகலமாக்கினாள். மூன்றாவது சுற்றில் தாத்தா பையிலிருந்து எடுத்து எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார். பாஷை தெரியாத அந்த இரண்டு பேரோடு சம்பந்தம் பேசியிருந்தால் அந்நேரம் தாம்பூலமே மாற்றியிருப்போம்.

"மூணு சுத்து ஆச்சு" என்றாள் எழிலரசி. அவளுக்குக் கட்டிப் பழக்கமில்லாத புடவை காலைத் தட்டிக்கொண்டிருந்தது.

"நல்ல காரியம். ஒம்போதா சுத்திடுவோம்" என்றாள் அக்கா.

எழிலரசி மிட்டாய்க் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, போகிற தாத்தா பாட்டியையே பார்த்தாள்.

"மாமா, அவுங்களோட மட்டும் நம்ம ஒவ்வொரு சுத்துலயும் முட்டிக்கிறோமே, ஏன்?"

"அவுங்க எதிர்ப்பக்கமா வராங்க. அதான்."

"ம்" என்றாள். கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள்.

"அடியே, எங்க போற? எடமா சுத்தாதடி. கல்யாணப் பேச்சுக்கு வந்துட்டு எடமா சுத்துவாங்களா?"

"ஒம்போதாவது சுத்துல வந்து சேந்துக்குறேம்மா" என்ற குரல் மட்டும் வந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் புஜி மலைக்கான அம்புக்குறியைப் பார்த்தேன். நிற்கக் கூடாது என்பதால் இரண்டு பேரும் நடந்தோம். அடுத்த மூலை திரும்பியதும், எதிர்ப்பக்கத்திலிருந்து வேகமாக வந்த ஒரு பையன் என் மேல் மோதாமல் நின்றான். பாடலிதான்.

"மாமா, வணக்கம். நீங்க சிதம்பரம்தானே?"

என் வாழ்நாளில் எத்தனையோ பேர் என் கடைப் படியேறி வந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு அண்டாவே படியேறி வந்து, என்னை வாங்கிக்கொள் என்று சொன்னதில்லை. மாப்பிள்ளை வீட்டார் முதலில் பேசிவிட்டார்கள். ஜெயித்துவிட்டோம். முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டேன்.

"ஆமா. தம்பிக்கு எந்த ஊரு?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போட்டோவில் இருந்த அதே சிரிப்பு. யாரும் சிரி என்று சொல்லவில்லை.

"கடலூர் மாமா. நான் பாடலி. நீங்க பாக்க வந்த ஆளு."

"நாங்க டவர் பாக்க வந்தோம் தம்பி."

"பாத்துட்டீங்கல்ல? மூணு சுத்து. எங்கம்மாவுக்கு முட்டிவலி மாமா. அப்பா நடக்கச் சொல்லுது, அம்மா உக்காரணுங்குது. நடுவுல நான் என்னா பண்றது? அதான் எதிர்ப்பக்கமா வந்துட்டேன்." பிறகு எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "அவுங்க எங்க?"

"யாரு?" என்றேன். இவ்வளவு தூரம் வந்தபிறகு விதியை ஏன் விடுவது?

அக்கா என் முதுகில் ஒரு குத்து விட்டாள். "எழிலுதானே தம்பி? அவளும் எதிர்ப்பக்கமா போறேன்னு இப்பதான் போனா. ஒங்க பக்கமாத்தான் வந்திருக்கணும்."

அவன் விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தான். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல திரும்பிட்டோம். அப்ப நாங்களும் பாத்துக்க மாட்டோம்" என்றான்.

"அப்ப நீ இப்பிடியே போ, அவ அப்பிடியே வருவா" என்றேன்.

"வேணாம் மாமா. நான் ஒருபக்கம் சுத்த, அவுங்க ஒருபக்கம் சுத்த, சாயங்காலம் லிப்டுக்காரன் வந்து எறக்கிவிட வேண்டியதாயிடும். நான் இங்கயே நிக்கிறேன். அவுங்க வரட்டும்."

"நின்னா காத்துக்கிட்டு இருக்குற மாதிரி தெரியும் தம்பி" என்று, மாமனார் வீட்டு ஆள் என்பதை மறந்து, தொழில் ரகசியத்தை அவனுக்குச் சொல்லிவிட்டேன்.

"காத்துக்கிட்டுத்தான் மாமா இருக்கேன்" என்றான் அவன், மறைக்க அதில் என்ன இருக்கிறது என்பதுபோல. கண்ணாடியில் சாய்ந்து, இரண்டு பக்கமும் பார்க்கத் தோதாக நின்றுகொண்டான்.

விலையைச் சொல்லிவிட்டு, இதுதான் விலை என்று நிற்கிறவனிடம் பேரம் பேசுவது எப்படி என்று எங்கள் வீதியில் யாரும் சொல்லித்தந்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் எழிலரசி வந்தாள். தனியாக வரவில்லை. ராசம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, முட்டியைப் பார்த்துப் பார்த்து வைத்து வந்தாள். பின்னால் ஸ்வெட்டர், கைப்பை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு குரங்குக் குல்லாய். மூன்று பேரும் இடமாகவே சுற்றி வந்தார்கள். சாமி ஒன்றும் சொல்லவில்லை.

எழிலரசி நின்றாள். பாடலி கண்ணாடியை விட்டு நிமிர்ந்தான்.

"எவ்ளோ நேரமா நிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"நீங்க எதிர்ப்பக்கமா போனீங்கன்னு தெரிஞ்சதுலேருந்து."

அவள் சிரிப்பை அடக்க மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினாள். அவ்வளவுதான் பெண் பார்த்தது. அவள் மனதில் வைத்திருந்த கேள்வியைக் கேட்கவே இல்லை. "கேக்கணும்னு இல்ல மாமா, தானா பதில் வந்துடுச்சு" என்று அன்று சாயங்காலம் சொன்னாள்.

கீழ்த் தளத்தில் காபிக்கடை இருந்தது. ராசம்மாளை உட்காரவைத்தோம். எழிலரசியும் பாடலியும், வாங்கிவருகிறோம் என்று போய், நெடுநேரம் வரிசையில் நின்றார்கள். வரிசையில் அவர்கள் முன்னால் யாரும் இல்லை என்பதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. நானும் சாமிக்கண்ணுவும் நெல்லிக்குப்பத்துக் கரும்பைப் பற்றிப் பேசினோம். கரண்ட் கட்டைப் பற்றிப் பேசினோம். பாத்திரத்தில் எவர்சில்வர் வந்து பித்தளை போனதைப் பற்றி அவர் வருத்தப்பட்டார். பாக்கெட் மசாலா வந்து மல்லி விற்பனை போனதைப் பற்றி நான் வருத்தப்பட்டேன். கல்யாணத்தைப் பற்றி இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. எழுந்திருக்கும்போது மட்டும், "ஊருக்குப் போயி சொல்லி அனுப்புறோம்" என்று இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னோம்.

ஊருக்கு வந்து சேர்ந்தோம். தட்சிணாமூர்த்தி மாமா ரயிலடிக்கே வந்து, "முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்ச மாதிரிதான். அவுங்கதான் மாமா மொதல்ல பேசுனாங்க. பையனே வந்து பேசுனான். இனிமே அவுங்கதான் போன் பண்ணுவாங்க" என்றேன்.

போன் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று. இன்னொரு வாரமும் போயிற்று. கலியமூர்த்தியின் மொபெட் கடை வாசலில் வந்து நின்றது.

"என்னா ராஜாமணி, முதுநகர்ல சாமிக்கண்ணு கால்மேல கால் போட்டுக்கிட்டு உக்காந்திருக்குறாரு. 'பொண்ணே வந்து மொதல்ல பேசிடுச்சி. என் சம்சாரத்தக் கையப் புடிச்சி இட்டாந்துச்சி. இனிமே அவுங்கதான் போன் பண்ணுவாங்க'ங்குறாரு."

"இல்லய்யா. பையன்தான் மொதல்ல என்கிட்ட பேசுனான்."

"அப்ப அதப் போயி அவருகிட்ட சொல்லு."

"நான் எப்பிடிய்யா மொதல்ல சொல்றது?"

கலியமூர்த்தி ஸ்டூலில்கூட உட்காராமல் போய்விட்டார்.

விஷயம் இப்போது ஸ்ரீமுஷ்ணத்துப் பாதையில் அழகாகப் போய்க்கொண்டிருந்தது. அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். மாமா மட்டும் தினமும் கடைக்கு வந்து, போன் ரிசீவரைத் தூக்கி, இரைச்சல் வருகிறதா என்று கேட்டுப் பார்த்து வைத்துவிட்டுப் போவார். எழிலரசி கூப்பிட்டபோது ஒரே வரிதான் சொன்னாள். "மாமா, பொடவைய மடிச்சிப் பெட்டியில வச்சிடவா?" மறுநாள் காலையில் நானே கூப்பிட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கடையைத் திறந்து, போன் பக்கத்தில் உட்கார்ந்து, கையை ரிசீவர் வரைக்கும் கொண்டுபோனேன். கை பத்தாவது தலைமுறையாகக் கடைவீதியில் வளர்ந்த கை. நம்பரை அழுத்த மறுத்தது.

அப்போது போன் தானாக அடித்தது.

"வணக்கம், பாத்திரக்கடை" என்றேன்.

"வணக்கம், மளிகைக்கடை" என்றது அந்தப் பக்கம். சாமிக்கண்ணுவின் குரல்.

"சொல்லுங்க" என்றேன்.

"நீங்க சொல்லுங்க" என்றார்.

"நீங்கதானே கூப்புட்டீங்க?"

"நானா? போன் அடிச்சுது, எடுத்தேன். நீங்கதான் கூப்புட்டீங்க."

"இங்கயும் அடிச்சுது, எடுத்தேன்."

இரண்டு பேரும் நிறுத்தினோம். லைன் வெறுமையாக இல்லை. நடுவில், எங்கேயோ வெகுதூரத்தில், யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு சிரிப்பு. கம்பெனிக்காரர்கள் நாலு ஊர் ஆட்களை ஒரே லைனில் கோத்துப் பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பெரியவர்களைக் கோப்பதற்கும் அது உதவும் என்று அப்போதுதான் தெரிந்தது.

"மாமா" என்றது எழிலரசியின் குரல். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசிட்டீங்க. யாரும் மொதல்ல இல்ல. இப்ப சொல்லுங்க."

"எங்களுக்குச் சம்மதம்" என்று நான் சொன்னேன்.

"எங்களுக்குச் சம்மதம்" என்று சாமிக்கண்ணு சொன்னார்.

ஒரே நேரத்தில் சொன்னோமா என்றால், அவர் ஒரு நொடி முந்தியிருப்பார் என்பது என் அபிப்பிராயம். அவர் அபிப்பிராயத்தை நான் கேட்கவில்லை.

நிச்சயதார்த்தம் எந்த ஊரில் என்பதில் ஒரு மாதம் போயிற்று. எங்கள் ஊருக்கு அவர்கள் வரட்டும் என்று நாங்கள். அவர்கள் ஊருக்கு நாங்கள் வரட்டும் என்று அவர்கள். கடைசியில் கலியமூர்த்தி இரண்டுக்கும் நடுவில் புதுச்சத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் லீவு போட்டு வந்திருந்தார்கள்.

அன்றைக்குக் காலையில் எங்கள் வேன் சீக்கிரமே புதுச்சத்திரம் போய்ச் சேர்ந்துவிட்டது. மண்டபத்துக்குள் முதலில் போய் உட்கார்ந்தால், ரொம்ப ஆசைப்பட்டு வந்த மாதிரி இருக்குமே. வேனைப் புளியமரத்தடியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, மண்டபத்துக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த டீக்கடைக்கு நடந்தேன்.

டீக்கடை பெஞ்சின் அந்தக் கோடியில், பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேப்பருக்குக் கீழே தெரிந்த கால்களில், டோக்கியோவில் பார்த்த அதே செருப்பு. கடைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் இன்னொரு வேன், ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றது.

நான் பெஞ்சின் இந்தக் கோடியில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னேன். டீ வந்தது. குடித்தேன். பேப்பர் ஒரு பக்கம்கூடத் திரும்பவில்லை.

எதிரே மண்டபத்து வாசலில், நான் வேனுக்குள் இருக்கச் சொல்லிவிட்டு வந்த எழிலரசியும், அவர் வேனுக்குள் இருக்கச் சொல்லிவிட்டு வந்த பாடலியும், ஏற்கனவே வந்து நின்று, எங்கள் இரண்டு பேரையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழிலரசி என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி, காற்றில் ஒரு வட்டம் போட்டாள். இடப்பக்கமாக.

நான் கிளாசைக் கீழே வைத்தேன். பெஞ்சில் கொஞ்சம் அந்தப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

"அட, நீங்க எங்க இந்தப் பக்கம்?" என்றேன்.

பேப்பர் மெதுவாக இறங்கியது.

"நீங்களும் நம்ம ஊருதானா?" என்றார் சாமிக்கண்ணு. பிறகு உள்ளே திரும்பி, "சம்பந்திக்கு இன்னொரு டீ போடுப்பா" என்றார்.